வயல் வரப்பிலிருந்து வந்த முதல்வர்

கேரள முன்னாள் முதல்வர் வி.எஸ்.அச்சுதானந்தன் 2025 ஜூலை 21 அன்று, 101 வயதில் காலமானார். ஏழாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அண்ணனின் தையல் கடை, பிறகு ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை. கம்யூனிஸ்ட் தலைவர் பி.கிருஷ்ண பிள்ளை அந்த இளைஞரைக் குட்டநாட்டுக்கு அனுப்பினார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்த நெல் வயல்களில் நிலவுடைமையாளர் வைத்ததே கூலி. விவசாயக் கூலிகளைச் சங்கமாகத் திரட்டி உரிமை கேட்க வைத்ததுதான் அவர் கற்ற அரசியல். 1946 புன்னப்புரா-வயலார் தொழிலாளர் எழுச்சிக் காலத்தில் கைதாகிச் சித்திரவதைக்கும் ஆளானார். 1967இல் சட்டமன்றம் சென்றவர் முதல்வரானது 2006இல், 82 வயதில்.

மலை ஊரான மூணாறில் நில ஆக்கிரமிப்புகளை 2007இல் இடிக்கத் தொடங்கியபோது சொந்தக் கூட்டணியே முட்டுக்கட்டை போட்டது. தமிழகத்துடனான முல்லைப் பெரியாறு அணை விவகாரத்தில் அவர் நிலைப்பாட்டைத் தமிழர்களாகிய நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

ஆனால் 2015 செப்டம்பரை மறக்க முடியாது. 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் தெருவில் அமர்ந்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். தங்களைக் கைவிட்டதாகச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவர்களையே அவர்கள் விரட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே 91 வயது அச்சுதானந்தன் வந்தார். அவரை மட்டும் வரவேற்றார்கள். உடன்பாடு எட்டும்வரை அவர்களோடு இருப்பேன் என்று சொல்லி, அப்படியே இருந்தார். எத்தனையோ தேர்தல் வெற்றிகளைவிடப் பெரிய சான்றிதழ் அது. கொடுத்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்.