‘ஹேவ்’ எத்தனை வேலை பார்க்கும்?

ஆங்கில இலக்கணத்தில் துணைவினைப் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆம், ஈஸ், ஆர் என்று தொடங்கி, ஹேவ், ஹேஸ், ஹேட் வழியாக கேன், குட் வரை போகும். வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் மதிப்பெண் வந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான்! ‘ஹேவ்’ துணைவினை என்று படித்த மாணவர், ‘ஷி ஹேஸ் எ சைக்கிள்’ என்ற வாக்கியத்தில் முதன்மை வினையைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறார். அங்கே இருப்பதே ஒரு வினைதான். அதையும் பட்டியல் ‘துணை’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது.

தப்பு மாணவர் மேல் இல்லை. ஒரு சொல் முதன்மையா, துணையா என்பதை அது அந்த வாக்கியத்தில் பார்க்கும் வேலைதான் முடிவு செய்கிறது. இந்த மூன்றையும் பாருங்கள்:

ஷி ஹேஸ் எ சைக்கிள்.
ஷி ஹேஸ் ஈட்டன்.
ஷி ஹேஸ் டு கோ.

முதலாவது உடைமை. இரண்டாவது முடிந்த செயல். மூன்றாவது கட்டாயம். வேலையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பார்ப்பது. இரண்டாவதில் ‘ஹேஸ்’ தானே முன்னால் ஓடி வருகிறது: ‘ஹேஸ் ஷி ஈட்டன்?’ ஆக, அது துணைவினை. மற்ற இரண்டிலும் ‘டஸ்’ஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது: ‘டஸ் ஷி ஹேவ் எ சைக்கிள்?’, ‘டஸ் ஷி ஹேவ் டு கோ?’ (பழைய பிரிட்டிஷ் நடையில் ‘ஹேவ் யூ எ பென்?’ என்றும் கேட்பதுண்டு. இன்று பேச்சில் அது அரிது.)

இன்னொரு வேலையும் உண்டு. ‘ஐ ஹேட் பெயின்ட்டட் த ஹவுஸ்’ என்றால் சொன்னவரே பிரஷ்ஷைப் பிடித்திருக்கிறார். ‘ஐ ஹேட் த ஹவுஸ் பெயின்ட்டட்’ என்றால் ஆள் வைத்து அடித்திருக்கிறார். அதே நாலைந்து சொற்கள்தான்; வரிசை மாறியதும் வேலையாளே மாறிவிட்டார்!

உச்சரிப்பிலும் இந்த வித்தியாசம் தெரியும். கட்டாயம் சொல்லும் ‘ஹேவ் டு’, வேகமான பேச்சில் ‘ஹாஃப் டு’ ஆகிறது. ‘ஐ ஹேவ் டூ பென்ஸ்’ என்னும்போது அப்படி ஆவதில்லை. துணைவினை ‘ஹேவ்’ இன்னும் தேய்ந்து ‘அவ்’ என்றே கேட்கும். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களுமே ‘குட் ஹேவ்’ என்பதை ‘குட் ஆஃப்’ என்று தப்பாக எழுதுவது இந்த வினையால் வந்த வினைதான்.

இதெல்லாம் தமிழ் மாணவருக்குப் புதிதா? இல்லவே இல்லை. மேலே சொன்ன மூன்று வாக்கியங்களைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அவளிடம் சைக்கிள் இருக்கிறது. அவள் சாப்பிட்டிருக்கிறாள். அவள் போக வேண்டியிருக்கிறது. மூன்றிலும் ‘இரு’! ‘நாயை வெளியே விட்டான்’ என்பதில் வரும் ‘விடு’வுக்கும் ‘பால் கொட்டிவிட்டது’ என்பதில் வரும் ‘விடு’வுக்கும் உள்ள வித்தியாசம் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியும். ‘சாப்பிட்டுப் பார்’ என்றால் யாரும் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. சாவி மாணவர் கையிலேயே இருக்கிறது. ஆங்கில வகுப்பு அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

அதன் விலை என்ன? ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’ என்று சொல்லிவிட்டு நேர்முகத் தேர்வில் கேலிச் சிரிப்பை வாங்கிக்கொள்ளும் மாணவர்கள்! தமிழில் ‘ஹேவ்’ போல உடைமைக்கென்றே தனி வினை கிடையாது. இந்தியிலும் அப்படித்தான். இந்தியா முழுக்க இந்த வாக்கியம் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘கார் வைத்திருக்கிறார்’ என்பது காதுக்கு ‘இஸ் ஹேவிங்’ போலவே ஒலிக்கிறது. அதே சமயம் ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ என்பது சரியான ஆங்கிலம். அங்கே ‘ஹேவ்’ சாப்பிடும் வேலையைப் பார்க்கிறது. சாப்பிடுவது நடந்துகொண்டிருக்கும் செயல். தங்கைகள் இருப்பது அப்படி நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. இந்த ஒரு வரி விளக்கம் போதும். சிரிப்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

பட்டியலே இல்லாமல் தேர்வு எழுத முடியுமா என்று சிலர் கேட்பார்கள். பட்டியல் இருக்கட்டும். முதலில் நாலு வாக்கியம், அவற்றுக்குப் பக்கத்திலேயே நாலு தமிழ் வாக்கியம், அப்புறம் பட்டியல். வரிசையை மாற்றினால் அர்த்தம் மாறும் என்பதை ‘ஹேவ்’வே காட்டிவிட்டதே!