நல்ல வழக்குக்குப் பொய்ச்சாட்சி எதற்கு?

நியாயம் தன் பக்கம் இருக்கையில் பொய்ச்சாட்சியைத் தேடிப் போகிறவன், தன் எதிரிக்கே துணை செய்கிறான். நீதிமன்றப் படியேறிய எவரும் இதனை அறிவர். எல்லைத் தகராற்றிலே உண்மையாகவே உரிமையுடைய கமக்காரன், உறுதியில் ஒரே ஒரு திகதியை மாற்றப்போய் முழுக் காணியையும் இழந்து நின்ற கதைகள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. இந்தப் பழைய பாடத்தைத் திரைப்பட உலகிலே நமக்குத் தெளிவாக எடுத்துக்காட்டுவன, அமெரிக்க நாட்டின் துப்பாக்கிக் கொலைகளைப் பற்றி எழுந்த விவரணப்படங்களாம்.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையிலே இரு மாணவர் துப்பாக்கியுடன் புகுந்தனர். அன்று 12 மாணவரும் ஓர் ஆசிரியரும் மாண்டனர். கொலைஞர் இருவரும் தம்மையே சுட்டு மடிந்தனர். இக்கொடுமையை மையமாகக் கொண்டு மைக்கேல் மூர் என்பார் 2002இல் வெளியிட்ட ‘பௌலிங் ஃபோர் கொலம்பைன்’ என்ற படம் உலகெங்கும் ஓடிற்று. 2003 மார்ச்சில் ஒஸ்கார் பரிசும் பெற்றது. துப்பாக்கி மலிந்த நாட்டிலே பிள்ளைகளின் உயிர் மலிவாகிவிட்டது என்பதே அதன் முறையீடு. அம்முறையீடு நியாயமானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது முறையிடப்பட்ட விதம் நியாயமானதா என்பதே கேள்வி.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கொலம்பைன் மாணவர் கதறியழுவது திரையில் தெரிகிறது. மறுகணமே தேசிய ரைபிள் சங்கத்தின் தலைவராயிருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், பழங்காலத் துப்பாக்கியொன்றைத் தலைக்கு மேலே உயர்த்தி, தாம் உயிரோடிருக்கும் வரை அதனை எவரும் பறிக்க முடியாது என்று முழங்குகிறார். கொலை நடந்து சில நாட்களுக்குள் டென்வர் நகரிலே அச்சங்கம் கூடியது என்ற செய்தியும் உடன் வருகிறது. பார்க்கிறவன் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் ஹெஸ்டன் துப்பாக்கியை உயர்த்தியது டென்வரில் அன்று. ஓராண்டு கழித்து, 2000 மே மாதத்தில், வட கரோலினாவின் ஷார்லொட் நகரில்!

டென்வர்க் கூட்டம் நடந்தது உண்மை. வரவேண்டாம் என்று அந்நகர மேயர் கேட்டதும் உண்மை. துக்க வீட்டுக்கு அருகே கூட்டம் கூடியது தகுமா என்று கேட்பதற்கு அவ்வுண்மையே போதும். கூட்டத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பினும் அக்கேள்வியின் கூர் மழுங்கியிராது. ஆயினும் வேறோர் ஊரின், வேறோர் ஆண்டின் காட்சி அங்கே ஒட்டப்பட்டது.

அவ்வாறே, 2000 பெப்ரவரி 29 அன்று மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ற் நகரை அடுத்த பாடசாலையொன்றில் 6 வயதுச் சிறுவன் தன் வகுப்புச் சிறுமியைச் சுட்டுக் கொன்றான். அத்துயரின் சூடு ஆறுமுன் ஹெஸ்டன் அங்கே கூட்டம் போட்டார் என்று எண்ணும்படி படம் தொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் சென்றதோ ஏழு மாதங்களுக்கு மேல் கழித்து, ஒக்டோபரில், ஜனாதிபதித் தேர்தலையொட்டி. இங்கே ஒரு சொல்லும் பொய்யன்று என்று வாதிடலாம். சொற்களை அடுக்கிய வரிசையிலே பொய் ஒளிந்திருக்கிறதே, அதற்கு என்ன மறுமொழி?

இலக்கங்களின் கதையும் இதுவே. துப்பாக்கியால் ஓராண்டில் கொல்லப்பட்டோர் ஜேர்மனியில் 381, பிரான்சில் 255, கனடாவில் 165, யப்பானில் 39, ஐக்கிய அமெரிக்காவில் 11,127 என்று படம் அடுக்குகிறது. கனடாவைக் காட்டிலும் அமெரிக்காவில் 67 மடங்கு என்று பார்ப்பவன் திகைக்கிறான். ஆனால் அக்காலத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 28 கோடி மக்கள். கனடாவில் 3 கோடியே 10 இலட்சம். ஒரு நூறு ஏக்கர் வயலின் விளைச்சலைப் பத்து ஏக்கர் விளைச்சலோடு அப்படியே ஒப்பிடுகிற கமக்காரன் உண்டா? தலைக்கணக்குப் பார்த்தால் வேற்றுமை ஏறத்தாழ 7 மடங்கு. பக்கத்துப் பக்கத்து நாடுகளிலே 7 மடங்கு கொலை! இதுவே நாகரிக உலகம் நாணவேண்டிய கணக்கு. 67 என்று காட்டவேண்டிய தேவை எங்கேயிருந்து வந்தது?

மூர் ஒருவரோடு இது நின்றுவிடவில்லை. 2016இல் வெளிவந்த ‘அண்டர் த கன்’ என்ற படத்திலே, துப்பாக்கி உரிமை வேண்டும் வேர்ஜீனியா மாநிலத்தவர் சிலரிடம் கேற்றி கூரிக் என்ற பிரபல பத்திரிகையாளர் ஒரு கேள்வி கேட்கிறார். வாங்குபவரின் பின்னணியை விசாரிக்காவிடில் குற்றவாளிகளின் கைக்குத் துப்பாக்கி போகாமல் எப்படித் தடுப்பது என்பது அக்கேள்வி. திரையிலே எட்டு விநாடிக்கு மேலாக மௌனம். விடையற்றுத் தலைகுனிந்தவர் போல அவர்கள் காட்சி தருகின்றனர். பின்னர் ஒலிப்பதிவு வெளியாயிற்று. அவர்கள் உடனடியாகவே விடையளித்திருந்தனர். மௌனம் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து செருகப்பட்டது. கூரிக் அம்மையார் பொறுப்பை ஏற்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அவ்விடை சரியோ பிழையோ, அதனைக் கேட்டு மறுக்கும் வாய்ப்பு பார்வையாளனுக்கு இல்லாமற் போயிற்று.

“பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கையில் வெட்டையும் ஒட்டையும் ஆராய்வது அழகா?” என்று சிலர் சினப்பர். நாம் அவர்களைக் கேட்கிறோம்: அவ்வெட்டும் ஒட்டும் எந்தப் பிள்ளையைக் காத்தன? மூரின் படத்தை மறுப்பதற்கென்றே படங்களும் நூல்களும் கிளம்பின. பிள்ளைகளின் பிணங்களைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில், எந்தக் காட்சி எந்தத் திகதியில் எடுக்கப்பட்டது என்ற பேச்சே பெருகியது. சில போர்முனைத் துப்பாக்கிகளின் விற்பனைக்கு 1994இல் விதிக்கப்பட்ட தடையும், அப்படம் வெளிவந்து இரண்டாண்டுக்குள், 2004 செப்டெம்பரில் காலாவதியாக விடப்பட்டது. அதற்குப் படம் காரணமென்று கூறோம். ஆனால் பரிசு வாங்கிய படத்தால் அதனைத் தடுக்க முடியவில்லை.

அதே படத்தில் ஒரு காரியம் நிறைவேறியது. கொலம்பைனில் சன்னம் பாய்ந்து, அதனை உடலிற் சுமந்துகொண்டே உயிர்தப்பிய இரு இளைஞரை மூர் கேமார்ட் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு அழைத்துச் செல்கிறார். அக்கொலைக்கான சன்னங்கள் அந்நிறுவனத்தின் கடையில் வாங்கப்பட்டவை. இளைஞர் தம் உடலைக் காட்டுகின்றனர். விற்பனையை நிறுத்துங்கள் என்கின்றனர். மறுநாள் பத்திரிகையாளருடன் திரும்பி வருகின்றனர். கைத்துப்பாக்கிச் சன்னங்களின் விற்பனையை 90 நாட்களுக்குள் படிப்படியாக நிறுத்துவதாக நிறுவனம் அறிவிக்கிறது. அங்கே திகதி மாற்றம் தேவைப்படவில்லை. காயம்பட்ட உடலே சாட்சியாயிற்று.

2012 டிசெம்பர் 14 அன்று சான்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையிலே 20 குழந்தைகளும் 6 பெரியோரும் கொல்லப்பட்டனர். அதைப் பற்றிய ‘நியூட்டவுன்’ என்ற படம் 2016இல் வந்தது. குழந்தைகளின் உடல்களை அது காட்டவில்லை; பெற்றோரைப் பேசவிட்டது. அந்தக் கொலையையே நாடகம் என்று தூற்றிய வானொலிப் பேச்சாளன் அலெக்ஸ் ஜோன்ஸ், அக்குடும்பங்களுக்கு ஏறத்தாழ 150 கோடி டொலர் இழப்பீடு செலுத்தவேண்டுமென 2022இல் தீர்ப்பாயிற்று. கண்ணெதிரே நடந்ததையே பொய்யென்று சாதிக்க ஆட்கள் காத்திருக்கும் காலம் இது. அவர்களுக்கு ஒரு பொய்யான ஒட்டு அகப்பட்டாற் போதும். மெய்யான நூறு காட்சிகளையும் அதனோடு சேர்த்துக் கொளுத்திவிடுவர்.

இது பிறநாட்டுப் பேச்சன்று. 2009 ஓகஸ்டிலே, கைகள் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்ட மனிதர் சுட்டுக் கொல்லப்படும் காட்சியொன்றைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பியது. இட்டுக்கட்டியது என்றது இலங்கை அரசாங்கம். ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் துப்பாக்கி, பிரேத பரிசோதனை, ஒளிப்பதிவு ஆகிய துறைகளின் நிபுணர் மூவரிடம் அதனை ஒப்படைத்தார். அது மெய்யான பதிவென்பதையே அவர்தம் ஆய்வுகள் வலுவாகச் சுட்டுகின்றன என்று 2010 சனவரியில் அறிவித்தார். இரக்கம் மிகட்டும் என்றெண்ணி அன்று யாரேனும் அதிலே ஓர் ஓலத்தையோ ஒரு கணத்தையோ செருகியிருந்தால், நம் கதி என்னவாயிருக்கும்? செத்தவர்கள் இரண்டாம் முறையும் செத்திருப்பர்.

ஆகையால் நாம் இரண்டு கடமைகளை வலியுறுத்துகிறோம். படம் பார்க்கிறவர், அது தம் பக்கம் பேசுகிறபோதே கூடுதலாக விழித்திருந்து, இக்காட்சி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்கவேண்டும். சாட்சி சொல்கிறவர், எடுத்ததை எடுத்தபடியே, திகதியோடும் இடத்தோடும், முழுமையாகக் காத்து வைக்கவேண்டும். மூட்டை நிறைய நல்ல நெல் இருந்தும் அதிலே ஒரு கொத்துப் பதரைக் கலக்கிறவன், எடை கூடுமென்று எண்ணுகிறான். சந்தையிலே மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறவன் முழு மூட்டையையும் தள்ளிவிடுகிறான். நம்மிடம் இருப்பது நல்ல நெல். அதிலே பதர் கலக்க எவருக்கும் இடங்கொடோம்.