போனைப் பிடுங்கச் சொல்வதற்கு முன்

அளவுக்கு மீறிப் போன் பார்ப்பதாகப் பெற்றோர் ஒரு பிள்ளையை அழைத்து வந்தால், நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்பதுதான். பதில் சொல்வது பெரும்பாலும் அம்மா. பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "ராத்திரி ஆனா போனை அம்மாகிட்ட குடுத்துடணும், சரியா தம்பி?" என்று சொல்லி அனுப்புகிறோம். சண்டை முற்றித் திரும்பி வருகிறார்கள், அல்லது வராமலே போய்விடுகிறார்கள். நேரக் கணக்கு தேவைதான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பள்ளியில் நடந்ததை இந்தப் பிள்ளை வீட்டில் யாரிடம் சொல்கிறது?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பணியாற்றுவோருக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பாகூருக்கு ஏரியும் நெல்லும்தான் அடையாளம். ஆனாலும் வயலை மட்டும் நம்பி எல்லா வீடுகளும் நடப்பதில்லை. அப்பா திருபுவனையிலோ சேதராப்பட்டிலோ ஆலை ஷிஃப்டில் இருப்பார். அம்மா புதுச்சேரி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு, பஸ் பிடித்து ஊர் வந்து சேர இரவாகிவிடும். சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளைக்கு ஆயாவும் டிவியும்தான் துணை. இது பெற்றோரின் குற்றமல்ல, பிழைப்பின் நிலை. தாயைக் குற்றவாளியாக்கும் எந்த ஆலோசனையும் அடுத்த முறை அவரை நம்மிடம் வரவிடாது.

"கிராமத்தில் எங்கே தனிமை?" என்று கேட்பவர்கள் உண்டு. சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இலேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். கூட்டாளிகள் இல்லாத தனிமை ஒன்று, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. முதலாவது தீர்ந்தாலும் இரண்டாவது தீராது. தெரு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும் ஊரில் நாம் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 13 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதத்தினர் தனிமையை உணர்கிறார்கள். அதிலும் பதின்வயதினரிடமே இது அதிகம்.

அடுத்து, பெற்றோரின் கண்காணிப்பு. இது குறித்து நம் துறையில் பலரும் படித்திருக்க வேண்டிய ஆய்வு, சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 14 வயதினரிடம் நடத்தி 2000இல் வெளியிட்டது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ கிடைத்ததல்ல, பிள்ளைகள் தாமாகச் சொன்னது என்று அவர்கள் கண்டார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளைகளே நல்ல நிலையிலும் இருந்தார்கள். டயானா பாம்ரிண்ட் 1960களில் வகுத்த வளர்ப்பு முறைகளில், அன்பும் வரம்பும் சேர்ந்த முறையே பிள்ளைக்கு நல்லது என்று நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். நடைமுறையில் வரம்பை மட்டும் மருந்துச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம்.

வெறும் தடை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டுகளில் நுழையக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டார்கள். விளையாட்டு கணினியிலிருந்து கைப்பேசிக்கு இடம் மாறியது. 2022 முதல் அந்தச் சட்டமே இல்லை.

ஆய்வுகளை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். பெற்றோர் வளர்ப்பு, தனிமை, இணையப் பயன்பாடு மூன்றையும் இணைக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் வினாத்தாள் கொடுத்துச் செய்யப்பட்டவை. தனிமையால் போனா, போனால் தனிமையா என்பதை அவற்றை வைத்து முடிவுகட்ட முடியாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். அளவிடும் கருவிகளிலும் சிக்கல் உண்டு. இணைய அடிமைத்தனத்தை அளக்கும் கிம்பர்லி யங்கின் இருபது கேள்வி அளவுகோல் 1990களில் உருவானது. துணைவருடனான நெருக்கத்தைவிட இணையத்தின் கிளர்ச்சி பிடிக்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? மதிப்பெண் அதிகம் வந்தவுடன் "அடிக்‌ஷன்" என்று எழுதிவிடவும் கூடாது. 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடான ஐசிடி-11 விளையாட்டுக் கோளாறுக்கு இடம் தருகிறது, பொதுவான இணைய அடிமைத்தனத்திற்குத் தனிக் குறியீடு தரவில்லை. மனச்சோர்வோ, கற்றல் சிரமமோ, பள்ளியில் படும் அவமானமோ பின்னால் இருந்தால் அதற்குத்தான் முதலில் சிகிச்சை.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. கிராமப்புற 14-18 வயதினரிடம் நடத்தப்பட்ட அசர் (ASER) 2023 கல்வி ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 சதவீதத்தினருக்குச் சொந்த போன் இருந்தது. பெண்களில் 19.8 சதவீதத்தினருக்கே இருந்தது. வயதுக்கு வந்தபின் வாசல் தாண்டுவதே அரிதாகிவிட்ட ஒரு பெண்ணுக்கு, அம்மாவின் போனில் கிடைக்கும் அரைமணி நேரம்தான் தோழிகளோடு பேசும் இடம். அதையும் பறிக்கச் சொல்வதற்கு முன், அதற்கு ஈடாக என்ன தரப்போகிறோம் என்று நாம் சொல்லியாக வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பிள்ளையைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் சந்திப்போம். தனிமை, தூக்கம், பள்ளி மூன்றையும் கேட்ட பிறகே நேரக் கணக்குக்குப் போவோம். பெற்றோருக்கு ஒரே ஒரு வேலை கொடுப்போம்: இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் எல்லாருடைய போனும் ஓரமாக இருக்கட்டும். பிள்ளை சொல்வதை உடனே திட்டாமல், புத்திமதி சொல்லாமல் கேட்கட்டும். ஆயா உடனிருந்தால் அவரையும் அந்த ஆலோசனையில் உட்கார வைப்போம்.

அமைப்புகளும் மாற வேண்டும். தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 2014இல் தொடங்கியது. அதன் ஆலோசனை மையம் காலை ஓ.பி. நேரத்தில் மட்டும் நடந்தால், அந்த நேரத்தில் பிள்ளை பள்ளியில், அப்பா ஆலையில், அம்மா கடையில். வாரத்தில் ஒரு மாலையாவது மையம் திறந்திருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்கு முன் பத்து நிமிடம் பிள்ளைகளின் தனிமையைப் பற்றிப் பேச ஒதுக்கலாம். இரவில் உதவி தேவைப்படும் வீட்டுக்கு டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

வாசகர்களான உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பதிவேட்டில் "எத்தனை மணி நேரம்" என்ற கட்டத்திற்கு மேலே, "வீட்டில் யாரிடம் பேசுகிறது?" என்று ஒரு கட்டம் சேருங்கள். ஆறு மாதம் நிரப்பிப் பாருங்கள். அந்தக் கட்டம் எத்தனை பேருக்குக் காலியாக இருந்தது, அவர்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை இந்த இதழுக்கு எழுதுங்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கான சிகிச்சை முறையை அந்தப் பதிவுகளிலிருந்துதான் உருவாக்க வேண்டும்.