பனிமலையும் பலசரக்குக் கடையும்

"கடையை யார் பார்ப்பது?" இந்த ஒரு கேள்வியிலேயே நம் வணிகர்கள் பலருடைய ஆயுள் கழிந்துவிடுகிறது. சொந்தத் தங்கை மகளின் திருமணம் என்றாலும் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்த் தலையைக் காட்டுகிறோம், பந்தியில் உட்காராமல் கடைக்கு ஓடி வருகிறோம். காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பூட்டு. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களும் உண்டு. இது பெருமையா என்று வணிகப் பெருமக்கள் சற்று யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அருமனையிலும் சுற்று வட்டாரத்திலும் வியாபாரம் செய்யும் நண்பர்கள் ஆறு பேர் நாங்கள். பலசரக்கு மொத்த வியாபாரம் செய்பவன் நான். மற்றவர்களில் ரப்பர் ஷீட் எடுப்பவர், நல்லமிளகும் கிராம்பும் வாங்குபவர், பாத்திரக்கடைக்காரர் என்று பல தொழில். ஐந்து வருடம் மாதச் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், மே 5 வணிகர் தினத்துக்குக் கடையடைத்த கையோடு சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டோம். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, சூரிச் நகரில் இறங்கினோம். அங்கிருந்து ரயிலில் மலையடிவாரம். மொத்தம் ஒன்பது நாள்.

நாங்கள் பார்க்கப் போனது யுங்ஃப்ராவ்யோஹ் என்ற பனிமலைக் கணவாய். கடல் மட்டத்திலிருந்து 3,454 மீட்டர் உயரம். மேலே ஐஸ் கட்டியாய் உறைந்து கிடக்கும் அலெட்ச் பனியாறு சுமார் 20 கிலோமீட்டர் நீளம். மே மாத வெயிலில் நம் ஊரில் வியர்த்துக் கொட்டும்போது அங்கே பல் கிடுகிடுக்கிறது. மலையின் வயிற்றைக் குடைந்து 7 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட்டு, அதற்குள் ரயில் விட்டிருக்கிறார்கள்.

இந்த ரயில் பாதையைக் கனவு கண்டவர் ஒரு நூற்பாலை முதலாளி. அடால்ஃப் குயர்-செல்லர் என்பது பெயர். 1893 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. ஆலையை விட்டு வந்து, மகளோடு மலையில் நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்த யோசனை அவருக்குத் தோன்றியது. அன்று இரவே பாதையைக் காகிதத்தில் வரைந்துவிட்டார். 1896-ல் வேலை தொடங்கியது. முழுப் பாதையும் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1898-ல் முதல் பகுதி முடிந்ததும் அதில் ரயிலை ஓட்டி டிக்கெட் வசூலித்தார்கள். ஒவ்வொரு நிலையமாகத் திறந்து, அந்த வருமானத்தையும் கொண்டு மேலே குடைந்தார்கள். கைமுதலைப் புரட்டத் தெரிந்த வியாபாரியின் மூளை இது! அவர் 1899-ல் காலமானார். ரயில் 1912 ஆகஸ்ட் 1 அன்று உச்சி நிலையத்தை அடைந்தது. 2015-ல் முதல் முறையாக ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே போனார்கள்.

கல்லாவுக்கு வெளியே நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிறந்த யோசனை, நூறாண்டு தாண்டியும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. வியாபாரிக்கு ஓய்வு வீண் செலவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எங்களை வியக்க வைத்த இன்னொன்று அங்குள்ள ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையக் கடைகள், சுற்றுலா ஊர்க் கடைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பெரும்பாலான கடைகள் அன்று பூட்டிக் கிடக்கின்றன. மக்கள் சனிக்கிழமையே வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு கடை இல்லை என்பதற்காக யாரும் அரிசி, பருப்பு உண்பதைக் குறைத்துவிடவில்லை. ஏழு நாள் வியாபாரம் ஆறு நாளில் நடந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

"நான் பூட்டினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே" என்பீர்கள். நியாயமான பயம். ஆனால் பக்கத்துக் கடைக்காரரும் இதே பயத்தில்தான் திறந்து வைத்திருக்கிறார். ஒருவர் மட்டும் பூட்டினால் நஷ்டம். எல்லோரும் சேர்ந்து பூட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை. தனி மனிதனால் முடியாது, சங்கத்தால் முடியும். ஆண்டுதோறும் வணிகர் தினத்தன்று அதைத்தானே செய்து காட்டுகிறோம்?

"சூப்பர் மார்க்கெட்டும், செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பவனும் வந்துவிட்ட காலத்தில் ஓய்வா?" என்று அடுத்த கேள்வி வரும். இதற்கும் அந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. இன்று அங்கே முதலிடத்தில் உள்ள சில்லறை வணிக நிறுவனம் மிக்ரோஸ். காட்லீப் டுட்வைலர் என்பவர் 1925-ல் ஐந்து ஃபோர்டு லாரிகளில் ஆறே சரக்குகளை ஏற்றித் தெருத்தெருவாக விற்று ஆரம்பித்தது அது. காப்பி, அரிசி, சர்க்கரை, மாவுப் பண்டம், சோப்பு, ஆறாவதாக நம் தேங்காயிலிருந்து எடுக்கும் கொழுப்பு! சிறு கடைக்காரர்கள் பதறினார்கள். புதிய கிளைகள் திறக்க அரசு 1933-ல் தடை போட்டது. 1945 வரை தடை இருந்தும் மிக்ரோஸ் அழியவில்லை. இடைத்தரகைக் குறைத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்ததே அதன் பலம். ஞாயிறு பூட்டியும் அது முதலிடத்தில் இருக்கிறது.

ஆகவே பதினாறு மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்து நாம் பெரிய நிறுவனங்களை வெல்ல முடியாது. கொள்முதலில்தான் வெல்ல வேண்டும். அந்த நாட்டுச் சிறு பலசரக்குக் கடைக்காரர்கள் 1907-லேயே ஒல்டன் நகரில் கூடி, கூட்டுக் கொள்முதலுக்காக 'உசேகோ' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். மொத்த வியாபாரியான நான் இதைச் சொல்வது என் பிழைப்புக்கே இடைஞ்சல் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். சில்லறைக் கடைகள் இருந்தால்தானே மொத்தக் கடை இருக்கும்?

இன்னொரு முக்கிய விஷயம். நம் பிள்ளைகள் ஏன் கடைக்கு வர மறுக்கிறார்கள்? லாபம் குறைவு என்பதால் மட்டுமல்ல. அப்பாவுக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாது என்பதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மாதச் சம்பளக்காரனுக்கு உள்ள ஞாயிற்றுக்கிழமை முதலாளிக்கு இல்லை என்றால் எந்தப் பிள்ளை முதலாளியாக விரும்பும்? வாரிசு இல்லாமல் நல்ல கடைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. கடைச் சிப்பந்திகளுக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை தரவேண்டும் என்று நம் மாநிலத்தின் 1947-ம் ஆண்டு கடைகள் சட்டமே சொல்கிறது. அந்த ஒரு நாளை முதலாளியும் எடுத்துக்கொண்டால் என்ன?

நாங்கள் இல்லாத ஒன்பது நாளும் எங்கள் கடைகளை வீட்டாரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் மூழ்கிப் போகவில்லை. பாத்திரக்கடைக்காரர் திரும்பி வந்து பேரேட்டைப் பார்த்தால், அவர் தாட்சண்யத்தால் கேட்காமல் விட்டிருந்த இரண்டு பழைய பாக்கிகளை அவர் மனைவி வசூலித்து வைத்திருந்தார். "இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கலாமே" என்று அந்த அம்மா சொன்னதை அவரே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

எல்லோரும் சுவிட்சர்லாந்துதான் போகவேண்டும் என்பதில்லை. மூணாறு போகலாம், காஷ்மீர் போகலாம். ஆனால் நண்பர்களோடு போகவேண்டும். போகிற ஊரில் மலையைப் பார்ப்பதோடு கடைகளையும் பார்க்கவேண்டும். எப்படி அடுக்கியிருக்கிறார்கள், எப்படிப் பொட்டலம் போடுகிறார்கள், விலையை எப்படி எழுதி வைக்கிறார்கள் என்று கவனித்தால் செலவில் பாதி அங்கேயே தேறிவிடும்.

சங்கத்துக்கு என் யோசனைகள் இரண்டு. மருந்துக்கடை, பால், உணவகம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குமேல் கடையடைப்பு என்று முதலில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். சரிப்பட்டால் முழு நாளாக்கலாம். அடுத்தது, உறுப்பினர்களுக்குச் சுற்றுப்பயணச் சீட்டு ஒன்றைச் சங்கமே தொடங்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இந்த இரண்டையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எதிர்ப்பவர்களும் தவறாமல் வரவேண்டும். "கடையை யார் பார்ப்பது?" என்று கேட்டு வராமல் இருந்துவிடக் கூடாது.