எங்க அடுப்புக்குக் குறிப்பு கிடையாது, கணக்கு உண்டு

மார்கழி பிறந்தால் போதும், பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் இல்லத்தரசிகளின் ஞாபகம் வந்துவிடுகிறது. குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் என்ன சமையல், அடுப்படி அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். உடனே வந்து விழுகின்றன: நெய் மிதக்கும் மிளகுப் பொங்கல், தூதுவளை ரசம், சுக்குக் காப்பி, பாட்டி சொன்ன பக்குவம். குளிருக்கு அடுப்பங்கரைதான் சுகமாம். குடும்பமே அங்கே உட்கார்ந்து கதை பேசுமாம். இதுதான் தமிழர் வீட்டுக் குளிர்காலச் சமையல் என்று முடித்தும் விடுகிறார்கள்.

எந்தத் தமிழர்? யார் வீடு?

நான் சோரியாங்குப்பம் காலனிக்காரி. புதுச்சேரின்னு சொன்னா கடற்கரையும் பிரெஞ்சுக்காரன் கட்டின தெருவும்தான் பலருக்குத் தெரியும். நாங்க பாகூர் கொம்யூனோட தென்கோடி. தென்பெண்ணை ஆத்தங்கரை. ஆத்தைத் தாண்டினா கடலூர் மாவட்டம். சொர்ணாவூர் அணைக்கட்டிலேர்ந்து பங்காரு வாய்க்கால் வழியா பெண்ணையாத்துத் தண்ணி பாகூர் ஏரிக்கு வருது. அந்தத் தண்ணியிலதான் சுத்துப்பட்டு கழனியெல்லாம் விளையுது. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று எழுதுகிறார்கள். அந்தக் களஞ்சியத்துக்கு நாத்து நட்டு, களை பறிச்சு, அறுத்து அடிச்சுக் கொடுத்தவளுங்க வீட்டுப் பானையில மார்கழி மாசம் என்ன இருந்துச்சுன்னு எந்தப் பத்திரிகையும் கேட்டதில்லை.

கேட்டால் சொல்லலாம். ஆனால் பக்குவம் சொல்வதற்கு முன்னால் கூலி நாள் கணக்கைச் சொல்ல வேண்டும். நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப சம்பா நடவு ஐப்பசியோட முடியும். அப்புறம் ஒரு களையெடுப்பு. அதுக்கப்புறம் தை அறுப்பு வரைக்கும் வேலை கிடையாது. மழை அடைச்சிக்கிட்டா அந்தக் களையும் கிடையாது. அதாவது, இவர்கள் குளிர்காலம் என்று கொண்டாடுகிற கார்த்திகையும் மார்கழியும் எங்களுக்கு வேலையத்த காலம். பித்தளைக் குண்டான் அடமானத்துக்குப் போயிடும். நொய்க்கஞ்சிதான் சோறு. அதுவும் ஒரு வேளை. காலையில கேவுரு கூழு இருந்தா அது நல்ல நாளு. வீட்டில் தானியம் குறையக் குறைய, வெளியே தேடுவது கூடும். அப்படித் தேடிக் கொண்டுவந்ததுதான் எங்க குளிர்காலச் சமையல்.

நத்தையைச் சொல்கிறேன். மழை பேஞ்சு கழனியெல்லாம் தண்ணி நிக்கிறப்ப நத்தை வரப்போரம் ஏறும். விடியறதுக்கு முன்னாடி எங்க ஆயாவும் அத்தையும் கூடையை எடுத்துக்கிட்டுப் போவாங்க. பொறுக்கிக்கிட்டு வந்ததை உடனே ஆக்க முடியாது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறவைக்கணும். அப்பத்தான் வயித்துல இருக்கிற சேத்தைக் கக்கும். காலையில அவிச்சு, ஊக்காலயோ முள்ளாலயோ ஒவ்வொண்ணா கறியைக் குத்தி இழுக்கணும். கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கொழகொழப்பு போற வரைக்கும் அலசணும். நாலு தண்ணி அஞ்சு தண்ணி ஆகும். அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு, கொஞ்சம் புளி. கூடை நத்தைக்கு ஒரு கிண்ணம் கறி தேறினா பெருசு. அஞ்சு புள்ளைக்கு அதைப் பங்கு வெச்சுட்டு, எங்க ஆயா சட்டியில சோத்தைப் போட்டுத் தொடச்சுத் தின்னும். ஒரு கிண்ணம் கறிக்கு ஒன்றரை நாள் உழைப்பு. அந்த உழைப்புக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, பேரும் கொடுத்ததில்லை. 'நத்தை பொறுக்குறவளுங்க' என்கிற வசவைத்தான் கொடுத்தார்கள்.

வயல் நண்டும் அப்படித்தான். சளி புடிச்ச புள்ளைக்கு நண்டை அம்மியில வெச்சு நசுக்கி, மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு, வடிகட்டிக் கொதிக்கவெச்சுக் கொடுப்பாங்க. மழை விட்ட சாயங்காலம் ஈசல் கெளம்பும். விளக்கை வெச்சு, கீழே தண்ணிக் குண்டானை வெச்சுப் புடிச்சு, வெறும் சட்டியில வறுத்து, முறத்துல புடைச்சு றெக்கையைப் போக்கி, பொரியரிசியோட கலந்து கொடுத்தா, எங்களுக்கு அதுதான் பலகாரம். கருவாட்டுத் தலையைக் கிள்ளிப்போட்ட குப்பைக்கீரைக் கொழம்பு, ஏரியில புடிச்ச கெளுத்தியும் குரவையும், எப்பவாவது மாடு விழுந்தா வெயில் கண்ட நாளாப் பாத்துக் கொடியில காயவெச்சு எடுத்த உப்புக்கண்டம். தை அறுப்பு முடிஞ்சா எலி வளையை வெட்டி அது சேத்துவெச்ச நெல்லை எடுப்போம். எலிக்கிட்ட இருந்த சேமிப்புகூட எங்ககிட்ட இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரப்பு எங்களுடையது அல்ல. நண்டு வளையை நோண்டினா 'வரப்பை ஒடைக்கிறியாடி' என்று நெலத்துக்காரன் வெரட்டுவான். கூடையைப் புடுங்கி வீசுவான். எங்க அம்மாவை மண்வெட்டிக் காம்பால அடிச்சிருக்கான். ஆகவே எங்க சமையல் குறிப்பின் முதல் வரி 'தேவையான பொருட்கள்' என்று ஆரம்பிக்க முடியாது. 'ஊரு கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி போகணும்' என்றுதான் ஆரம்பிக்க முடியும். நிலம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லாத சமையல் குறிப்பு எங்களைப் பொறுத்தவரை பாதிப் பொய்.

சோற்றுக்கு வரலாறு இல்லாமல் இல்லை. எழுதப்பட்டிருப்பது யார் சோறு என்பதுதான் விஷயம். எங்கள் பாகூருக்கே ஒரு செப்பேடு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் எழுதிக் கொடுக்கப்பட்டன. வேதம் படிக்கிறவனுக்குச் சோறு தடையில்லாமல் வர வேண்டும் என்று ஊர் ஊராக எழுதிக் கொடுத்ததைச் செம்பில் வெட்டி வைத்தார்கள். அந்த ஊர்களில் சேற்றில் இறங்கியவர்கள் மழைக்காலத்தில் எதைத் தின்றார்கள் என்று எந்தத் தகட்டிலும் கிடையாது.

இந்தக் காலத்துக்கு வருவோம். 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. ஒரு வீட்டுப் பெண் தன் அடுப்படி அறிவைத் தானே எழுதினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பார்ப்பன வீட்டு சைவச் சமையல், பல பதிப்புகள் ஓடியபின், தமிழ்ச் சமையல் என்றே ஆகிவிட்டதே, அது எப்படி? அவர் சமையலுக்குச் சாதிப்பேர் தேவைப்படவில்லை. நான் நத்தையைப் பற்றி எழுதினால் மட்டும் 'தலித் உணவு' என்று தனியாக ஒரு இலை போடுகிறார்கள். மாட்டிறைச்சியையும் தீண்டாமையையும் பிணைத்த முடிச்சை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் 'தீண்டப்படாதார்' நூலில் அவிழ்த்துக் காட்டினார். தின்பதை வைத்து மனிதனைத் தள்ளிவைத்த வரலாறு அது. இன்றைக்கும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி 'நீங்க வெஜ்ஜா?' என்பதுதான். சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவன் சட்டியைக் கேட்கிறான்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளில் மண் கலயத்தில் கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறார்கள். நண்டு ரசம் 'சூப்' ஆகிவிட்டது. நத்தை மூலத்துக்கு மருந்து என்று காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். பாரம்பரியம், ஆரோக்கியம் என்று பேசுகிறார்கள். எங்க ஆயா தின்னப்ப அது இழிவு, அவங்க தின்னா ஆரோக்கியமா? பண்டத்தை எடுத்துக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்துவது பழைய வித்தைதான். பண்டத்தையும் சேர்த்தே வாசலில் நிறுத்துவதும் உண்டு. 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அந்த ஊரில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள்.

சமைக்கிற கைக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. 2018 ஜூலையில் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் ஆதிக்க சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே மாற்றினார்கள். போராட்டம் வந்த பிறகுதான் அந்த மாறுதல் ரத்தானது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் தலித் பெண் ஆக்கிய காலை உணவைப் பிள்ளைகள் தொடாமல் இருந்தார்கள். அமைச்சர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அரிசி அரசாங்கத்துடையது, பருப்பு அரசாங்கத்துடையது, அடுப்பும் அரசாங்கத்துடையது. கை மட்டும்தான் எங்களுடையது. தீட்டு எதில் இருக்கிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா?

தோழர்களே, நம் ஆம்பிளைகளிடமும் ஒரு வார்த்தை உண்டு. மாட்டுக்கறி எங்கள் கலகம், எதிர்ப்பண்பாடு என்று மேடையில் பேசுகிறீர்கள். பேசுங்கள், நானும் கூட வந்து கோஷம் போடுவேன். ஆனால் விழாவுக்குக் கறி ஆக்கியவள் மேடையில் எங்கே? கார்த்திகை மழையில சவுக்கு மிளாரு நனைஞ்சு கெடக்கும். வரட்டி ஊறிக் கெடக்கும். ஊதாங்குழலை வெச்சு ஊதி ஊதி எங்க அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி நிக்கவே நிக்காது. ஐம்பது வயசுல இருமல் நெஞ்சோட ஒட்டிக்கிச்சு. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அடுப்பங்கரைச் சுகம் பேசுகிறவர்கள் இந்தப் புகையை எந்தப் பக்குவத்தில் சேர்ப்பார்கள்? 2016-இல் உஜ்வலா வந்தது, சிலிண்டரும் வந்தது. மறு சிலிண்டருக்கு ரெண்டு மூணு நாள் கூலி வேண்டும். வேலையத்த மாசத்தில் சிலிண்டர் மூலையில் நிற்கிறது, மறுபடி மிளாருதான். வருகிற கூலியும் சாராயக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. வந்தவன் சட்டியைப் பார்த்து 'இன்னாடி ஆக்குன?' என்று கேட்கிறான். ஆதிக்க சாதிக்காரன் கேட்காத கேள்வியை எங்க வீட்டுக்காரன் கேட்கிறான், கை ஓங்கிக்கொண்டு. இந்தக் கலகத்தை யார் பேசுவது?

2024 கார்த்திகையில் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணியைத் திறந்துவிட்டார்கள். ஆறு எங்க ஊருக்குள்ள வந்தது. அடுப்பு கரைஞ்சு போச்சு, மொளகாத்தூள் டப்பா மிதந்துச்சு, அரிசி ஊறி நாறிப்போச்சு. பொட்டலச் சோறு வந்தது, வாங்கித் தின்னோம். குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள். ஐயாயிரத்தில் அரிசி வாங்குவதா, அடுப்பு போடுவதா, புள்ளைக்குத் துணி எடுப்பதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரிலிருந்து புதுச்சேரியில் மானிய அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போடத் தொடங்கினார்கள். ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. 2024 அக்டோபரில்தான் தீபாவளியை ஒட்டி மறுபடி திறந்தார்கள். அரிசி வந்தால் பானைக்குப் போகும். பணம் எங்கே போகும் என்பது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். நெற்களஞ்சியத்தில் குடியிருந்துகொண்டு கடை அரிசிக்கு விலை கேட்டு நின்றோம்.

அதனால் நத்தைக்கும் எலிவளை நெல்லுக்கும் திரும்பிப் போவோம் என்று நான் சொல்லவில்லை. பசியைப் பண்பாடு ஆக்குவது எனக்குச் சம்மதமில்லை. எங்க பொண்ணுங்க நெய்ப் பொங்கலும் தின்னட்டும், மாட்டுக்கறியும் தின்னட்டும், ரெண்டையும் கூச்சமில்லாமல் தின்னட்டும். ஆனால் அந்த நாலு தண்ணி அலசலில் இருக்கிற அறிவை, எந்தக் கீரை வயித்துக்கு ஆவும் எந்தக் கீரை ஆவாது என்ற அறிவை, ஒரு கிண்ணத்தை அஞ்சு பங்காக்கின கணக்கை, வேறு யாரோ எடுத்துத் தன் பாட்டி சொன்ன பக்குவம் என்று அச்சடிக்க விடக்கூடாது.

மராட்டியத்தில் இது நடந்திருக்கிறது. 2009-இல் புனே பல்கலைக்கழக மகளிர் ஆய்வு மையத்தில் ஷர்மிளா ரேகேவும் மாணவர்களும் தலித் வீடுகளின் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். 2015-இல் ஷாஹு பட்டோளே மராத்வாடா மகர், மாங்கு வீட்டுச் சமையலை முழுப் புத்தகமாகவே எழுதினார். 'அன்னம் பூரண பிரம்மம்' என்று சொல்கிறவர்களுக்கு 'அபூர்ணம்' என்று தலைப்பிலேயே பதில் வைத்தார். அது 2024-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தமிழில்? பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதன்பின் எத்தனையோ தன்வரலாறுகள் வந்துவிட்டன. அடுப்படிக்கென்று ஒரு முழு நூல் நம் பெண்களிடமிருந்து வர வேண்டும்.

மாணவர்கள், எழுத்தாளர்கள், இயக்கத் தோழர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். இந்த மார்கழியில் உங்கள் காலனிக்குப் போங்கள். ஆயாக்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். பேனாவைப் பெண்களிடம் கொடுங்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். என்ன ஆக்கினார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அன்று கூலி எத்தனை, வேலை எத்தனை நாள், கழனி யாருடையது, வெறகு எங்கிருந்து வந்தது, யார் முதலில் தின்றார்கள், யார் கடைசியில் சட்டியைத் துடைத்தார்கள், யார் அடித்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். சத்துணவுக் கூடத்திலும் காலை உணவுக் கூடத்திலும் எத்தனை தலித் பெண்கள் அடுப்பில் நிற்கிறார்கள், எத்தனை பேரைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுங்கள். அதன்பிறகு அவர்கள் வந்து கேட்கட்டும், உங்க வீட்டில் குளிர்காலத்தில் என்ன சமையல் என்று. கணக்கை எடுத்து முன்னால் வைப்போம்.