முழங்காலைக் காப்போம், விளையாட்டை நிறுத்த வேண்டாம்

கடந்த வருடம் வலயமட்ட வலைப்பந்தாட்டப் போட்டியில் எங்கள் அணித் தோழி ஒருத்தி உயரப் பாய்ந்து பந்தைப் பிடித்தாள். யாரும் அவளைத் தள்ளவில்லை, மோதவுமில்லை. ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பியவள் முழங்காலைப் பிடித்தபடி விழுந்தாள். உள்ளே ‘டொக்’ என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்தோம். மாலைக்குள் முழங்கால் வீங்கிவிட்டது.

அந்த வருடமே இன்னும் மூன்று பேரை வீட்டார் அணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். “பொம்புளப் புள்ளைக்கு இந்த ஓட்டமும் பாய்ச்சலும் என்னத்துக்கு?” என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத் தேடியே இதை எழுதுகிறேன்.

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால். அவற்றை நான்கு முக்கிய இணைப்பு நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. வைத்தியர்கள் இவற்றை ‘லிகமென்ட்’ என்பார்கள். இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொன்று, மூட்டின் நடுவே குறுக்காக இரண்டு. குறுக்கு நார்களில் முன்னால் உள்ளது, கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுக்காமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் தடுக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர்தான். என் தோழிக்கு அறுந்தது அதுவே.

இக்காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமலே ஏற்படுகின்றன. வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்ததும் ஓடமுடியாது, சட்டென்று நிற்க வேண்டும். பாதம் நிலத்தில் நிற்க உடல் திரும்பினால் பாரம் முழுவதும் முழங்காலுக்கே. உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் போன்றவற்றில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பின் அமைப்பு, ஹோர்மோன்கள் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றை மாற்ற முடியாது. ஆனால் முழங்கால் உள்நோக்கிச் சரிய, காலை விறைப்பாக வைத்து இறங்கும் பழக்கத்தை மாற்றலாம்.

அதற்குப் பெரிய செலவில்லை. பாய்ந்தால் முழங்காலை மடக்கி, அது கால்விரல்களுக்கு நேரே நிற்கும்படி மெதுவாக இறங்கப் பழக வேண்டும். ஒற்றைக் காலில் சமநிலையாக நிற்கவும், தொடையின் பின்தசைகளையும் இடுப்புத் தசைகளையும் பலப்படுத்தவும் வேண்டும். இத்தகைய பயிற்சியை ஒழுங்காகச் செய்யும் பெண்களிடம் இக்காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், 15 முதல் 20 நிமிடங்கள் போதும். நாங்களோ போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் மைதானத்தில் இறங்குகிறோம். பிழை விளையாட்டில் இல்லை, ஆயத்தமில்லாமல் விளையாடுவதில்தான்.

பெற்றோரின் பயம் நியாயமானதே. சத்திரசிகிச்சை செய்தால் மீண்டும் விளையாட ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகலாம், பிற்காலத்தில் மூட்டுத் தேய்வும் வரலாம். ஆனால் வீட்டில் இருத்திவிட்டால் தசையும் எலும்பும் பலமாகிவிடுமா? மகளை நிறுத்துவதற்கு முன், “பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளுக்கு என்ன செய்விக்கிறீர்கள்?” என்று பாடசாலையிடம் கேளுங்கள். முழங்கால் சில மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் தேய்க்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

தோழிகளே, அடுத்த தவணை முதல் நாளே பயிற்சியைத் தொடங்குவோம். வீட்டில் கேட்கும் கேள்விக்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் அதுதான்.