பில்லில் 6000, கம்ப்யூட்டரில் 4800!

பொள்ளாச்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் கேம் விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்தது. ரைசன் 5 7600 புராசஸர், 16 ஜிபி டி.டி.ஆர்.5 ரேம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. ரேம் 6000 வேகத்தில்தான் வேண்டும் என்று கேட்டு, அதற்காகக் கூடுதல் பணமும் கொடுத்திருந்தான். ஆறு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். ரேம் வேகம் 4800 என்று இருந்தது!

"ஏனுங்க சித்தப்பா, ரேமை மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்று பதறிப் போனான்.

கேபினட்டைக் கழற்றிப் பார்த்தோம். ரேமின் மேல் 6000 என்றே அச்சிட்டிருந்தது. கடைக்காரர் பொருளை மாற்றவில்லை. அதன் வேகத்தை யாரும் முடுக்கிவிடவில்லை, அவ்வளவுதான். ஐந்து வரை போகும் ரெகுலேட்டர் உள்ள ஃபேனை மூன்றிலேயே வைத்துவிட்டு, காற்று போதவில்லை என்று சொல்வது போலத்தான் இது.

ஏன் இப்படி?

மெமரிக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பு ஜெடெக். புதிதாக ஒரு ரேமைச் செருகியதும், மதர்போர்டு ஜெடெக் வகுத்த பத்திரமான வேகத்திலேயே அதை ஓட்டும். 6000 என்று விற்கப்படும் ரேம்களில் பல 4800இல்தான் கிளம்பும். பெட்டியில் போட்டிருக்கும் வேகம், ரேமிலேயே உள்ள ஒரு சிறு சிப்பில் பதிவாகியிருக்கும். பயாஸுக்குள் போய் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டெல் இதை எக்ஸ்.எம்.பி. என்கிறது. ஏ.எம்.டி. 2022இல் ரைசன் 7000 வரிசையுடன் கொண்டுவந்ததன் பெயர் எக்ஸ்போ.

வேகம் முதலா, ஜோடி முதலா?

புதிதாக வாங்குபவர்கள் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். ரேமை ஜோடியாகப் போடுவது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. கணக்கைப் பாருங்கள். 6000 வேக ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு அதிகபட்சம் 48 ஜிபி தகவல் போய்வரும். 4800 வேக ரேம் இரண்டு இருந்தால் 76.8 ஜிபி. இரண்டு 6000 என்றால் 96 ஜிபி. அவிநாசி ரோட்டில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 2025 அக்டோபரில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். நம் வண்டியின் இன்ஜின் மாறவில்லை. போவதற்கு இன்னொரு பாதை கிடைத்தது. இரண்டாவது ரேமும் அப்படித்தான்.

எனவே 32 ஜிபி வேண்டுமானால் 16 ஜிபி இரண்டாக, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் ரேமாக வாங்குங்கள். "இப்போதைக்கு 8 ஜிபி இரண்டு, பிறகு இன்னும் இரண்டு" என்று திட்டமிட வேண்டாம். நான்கு ரேம் போட்டால் ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதியளிக்கும் வேகம் 3600தான்.

எவ்வளவு வேகம் போதும்? டி.டி.ஆர்.5 ரைசனுக்கு 6000 போதும். ஏ.எம்.டி.யே 2022இல் சிபாரிசு செய்த அளவு அது. கூடவே சி.எல். என்ற எண்ணையும் பாருங்கள். 6000 வேகத்தில் சி.எல்.30 என்றால் தாமதம் 10 நானோ விநாடி. சி.எல்.40 என்றால் 13.3. சின்ன எண்தான் நல்லது. அதற்கு மேல் செலவழிக்கும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். தனி கார்டு இல்லாமல், 5600ஜி, 8600ஜி போன்ற புராசஸரில் உள்ள கிராபிக்ஸிலேயே விளையாடுபவர்களுக்குத்தான் ரேம் வேகம் மிகவும் உதவும். ஏனென்றால் அங்கே கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது.

பழைய கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லா மதர்போர்டும் எல்லா வேகத்தையும் தராது. எச்410 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 இருந்தால், 3200 ரேம் போட்டாலும் 2666இல்தான் ஓடும்.

எப்படி மாற்றுவது?

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பெரும்பாலும் புராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் ரேமைப் போட வேண்டும். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள் செல்லுங்கள். எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போவைத் தேர்ந்தெடுத்து, எஃப்10 அழுத்தி சேமியுங்கள். டி.டி.ஆர்.5 ஆனால் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமைப் பழக்கிக் கொள்கிறது. பயந்துபோய் பவரை நிறுத்தாதீர்கள். நெடுநேரம் ஆகியும் வரவில்லை என்றால், கையேட்டில் உள்ளபடி சி.எம்.ஓ.எஸ்.ஸை அழித்தால் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். பிறகு மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தை ஒரு படி குறையுங்கள்.

சி.பி.யு.-இஸட் புரோகிராமில் 3000 என்று தெரிந்தால் பதற வேண்டாம். அது பாதியைத்தான் காட்டும். இரண்டால் பெருக்குங்கள்.

கடைக்காரர் தரப்பு

அந்தக் கடையில் கேட்டபோது, "நாங்க பயாஸைத் தொடறதில்லைங்க. அப்புறம் ஹேங் ஆகுதுன்னு வந்து நிப்பாங்க" என்றார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 7600க்கு ஏ.எம்.டி. உறுதியளிப்பது 5200தான். அதற்கு மேல் போவது ஓவர்கிளாக்கிங். அதனால் சேதம் வந்தால் புராசஸருக்கு வாரண்டி கிடையாது என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. ஆகவே முடிவு வாங்குபவருடையதாக இருப்பதே சரி. ஆனால் இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையே அவரிடம் சொல்லாமல், 6000க்கான பணத்தை மட்டும் வாங்கிக் கொள்வது சரியில்லை. பில்லின் கீழே, "ரேம் 4800இல் ஓடுகிறது, 6000 வேண்டுமானால் எக்ஸ்போவை இயக்கவும்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

2025இன் கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியதை எல்லோரும் பார்த்தோம். கொடுத்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பது நம் வேலைதான். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது என்பது அங்கே தெரியும். ஒரு நிமிட வேலை. என் அண்ணன் மகன் ஆறு மாதம் இதைத்தான் பார்க்காமல் விட்டான்.